மணிக்கு வந்த வாய்ப் புற்றும் நாங்கள் அறிந்துகொண்டவையும்

எங்கள் பக்கத்தில் நாயின் வாயைத் திறந்து பார்க்கும் பழக்கம் இல்லை. உண்ணி பார்ப்போம், காதில் புண் என்றால் பார்ப்போம், நொண்டினால் காலைத் தூக்கிப் பார்ப்போம். வாய் என்றால் மட்டும் ஒரு தயக்கம். இலங்கை மலையகத்தில் ஹட்டன், டிக்கோயா பக்கத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில், லயத்துக்கு லயம் நாய்கள் உண்டு. அவற்றில் வயது போன ஒன்று சாப்பாட்டைக் குறைக்கும், வாய் நாறும், எச்சில் ஒழுகும், பிறகு ஒருநாள் செத்துக் கிடக்கும். “வயசாயிருச்சு” என்று சொல்லிப் புதைத்துவிடுவோம். அந்த வாய்க்குள் என்ன இருந்தது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் நாய் மணிக்கு வந்தது, நிறம் செய்யும் கலங்களில் உண்டாகும் மெலனோமா என்னும் புற்றுநோய். நாய்களின் வாயில் வரும் கொடிய புற்றுகளில் அதிகம் காணப்படுவது இதுதான் என்று பிறகு தெரிந்தபோது, நாங்கள் “வயசு” என்று எழுதித் தள்ளிய எத்தனை நாய்களுக்கு இது இருந்திருக்குமோ என்று மனது கனத்தது.

மணியின் தாய் பங்களாவில் வளர்ந்த லெப்ரடோர், தகப்பன் தோட்டத்து நாய். உடம்பு முழுக்கக் கறுப்பு; ஈறும் அண்ணமும்கூடக் கறுப்பு. பத்து வயதைத் தாண்டிய பிறகும் அம்மா கொழுந்துக்குப் போன காலத்துப் பாதைகளில் அவனாகவே ஒரு சுற்றுப் போய் வருவான். முதலில் கவனித்தது அம்மாதான். “தம்பி, மணி ரொட்டிய ஒரு பக்கமாவே மெல்லுறான். மத்தப் பக்கம் போனா கீழ போட்டுர்றான். வாயப் பாரு” என்றார். அவன் படுக்கும் சாக்கில் எச்சிலோடு இரத்தக் கறையும் இருந்தது.

அடுத்த காம்பராக்காரர் வாசலில் நின்றபடி, “சேர், எச்சில் இப்படி ஊத்துது, விசரா இருக்குமோ? பிள்ளைங்க ஓடியாடுற எடம்” என்று கேட்டார். அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. விசர் நோயிலும் தாடை தொங்கி எச்சில் ஒழுகும். ஆனால் விசர் வந்த நாய் சில நாட்களுக்குள் நிலை மோசமாகி இறந்துவிடும். வாரக்கணக்கில் எச்சில் ஒழுகியும் வாலை ஆட்டிக்கொண்டு சாப்பிட வரும் நாய்க்கு வேறு ஏதோ இருக்கிறது. மணிக்கு வருடம் தவறாமல் ஊசி போட்டு, அட்டையை வைத்திருந்தோம். அதைக் காட்டியதும் அவர் சமாதானமானார். இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: ஊசி போட்ட விபரம் தெரியாத நாயின் வாய்க்குள் எந்தக் காரணத்துக்காகவும் கையை விடாதீர்கள். அதை மிருக வைத்தியரிடம் விட்டுவிடுங்கள்.

டோர்ச் அடித்துப் பார்த்தபோது, கீழ்த்தாடையின் இடது பக்கம் கோரைப்பல்லுக்குப் பின்னால், நாக்குப் பக்கமாக ஒரு கட்டி. பாதி கறுப்பு, பாதி பச்சை இறைச்சி நிறம். தொட்டால் இரத்தம் கசிந்தது.

டவுனில் இருக்கிற மிருக வைத்தியர் பார்த்தவுடனே பெயர் சொல்லிவிடவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. வாயில் கட்டி என்றால் பல விதம் இருக்கலாம் என்று விளக்கினார். இளம் நாய்களுக்கு வைரசால் மரு வரும். பெரும்பாலும் ஓரிரு மாதத்தில் தானாகவே உதிர்ந்துவிடும். ஈறே தடித்து வளரும் சாதாரணக் கட்டிகள் உண்டு. பல் வேரில் சீழ் வைத்தாலும் வீங்கும். புற்றிலும் பல வகை உண்டு. அவற்றில் மெலனோமாதான் வேகமாகப் பரவக்கூடியது. கறுப்பாக இருந்தால்தான் மெலனோமா என்றும் நினைக்கக் கூடாது. ஏறத்தாழ மூன்றில் ஒன்று நிறமே இல்லாமல் இளஞ்சிவப்பாக இருக்கும். “கண்ணால் பார்த்து முடிவெடுக்க ஏலாது, பேராதனைக்குக் கொண்டு போங்க” என்றார்.

பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா ஆஸ்பத்திரிக்கு விடியற்காலையில் வேன் பிடித்து, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் போனோம். நாயோடு மலையிறங்குபவர்களுக்குச் சில விடயங்கள். மயக்கம் கொடுக்க வேண்டி வரலாம் என்றால் முதல் நாள் இரவோடு சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள். எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டையை எடுத்துப் போங்கள். கட்டியை முதலில் கண்ட அன்றைக்கே பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றியைப் பிடித்துப் படம் எடுத்து வைத்தால், எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று டொக்டருக்குக் காட்டலாம். வளைவுகளில் வாந்தி எடுக்கும் நாய் என்றால் பழைய துணி நிறைய வேண்டும்.

அங்கே இருந்த டொக்டர் கட்டியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் விரலால் தடவினார். புற்று பரவினால் பெரும்பாலும் முதலில் போய்ச் சேரும் நிணநீர்க்கணுக்களைப் பார்க்கிறார் என்று விளங்கியது. இரண்டும் சாதாரண அளவுதான், வீக்கம் இல்லை. அப்படியும் இரண்டு பக்கமும் மெல்லிய ஊசி குத்திக் கலங்களை எடுத்தார். “வீக்கமே இல்லையே, பிறகு எதற்கு?” என்று கேட்டேன். வாய் மெலனோமா வந்த நாய்களில், கையால் தடவும்போது சாதாரணமாகத் தெரிந்த கணுக்களிலும் சுமார் 40 சதவீதமானவற்றில் புற்று இருந்ததாக ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது என்றார். எதிர்ப் பக்கக் கணுவையும் விட முடியாது. வாயின் நிணநீர் குறுக்கே கடந்தும் போகும்.

மணியின் இடது கணுவில் இருந்தது.

இந்த நோயில் கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் முதலாம் கட்டம், 2 முதல் 4 வரை இரண்டாம் கட்டம், அதற்கு மேல் போனாலோ கணுவில் ஏறினாலோ மூன்றாம் கட்டம், நுரையீரல் போன்ற தூர உறுப்புக்குப் போனால் நான்காம் கட்டம். மணியின் கட்டி அளவைப் பார்த்தால் இரண்டு. அந்த ஊசி இல்லாமல் விட்டிருந்தால் நாங்களும் இரண்டாம் கட்டம் என்றே நம்பியிருப்போம். ஊசியின் முடிவு அதை மூன்றாக்கியது. நெஞ்சு எக்ஸ்ரேயை மூன்று கோணங்களில் எடுத்தார்கள், அதில் எதுவும் தெரியவில்லை. கட்டியில் ஒரு துண்டை எடுத்து இழையப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் மெலனோமா என்பதோடு, நுணுக்குக்காட்டியில் எத்தனை கலங்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்ற கணக்கும் இருந்தது. உங்கள் நாய்க்கு ரிப்போர்ட் வந்தால் அந்த எண்ணைக் கேளுங்கள். பத்துப் பார்வைப் புலத்தில் (நுணுக்குக்காட்டியில் ஒரு தடவைக்குத் தெரியும் பரப்பு ஒரு புலம்) நாலோ அதற்கு மேலோ என்றால் நோய் வேகமாகப் போகும் வகை.

பிறகு கீழ்த்தாடையின் ஒரு பகுதியை எலும்போடு வெட்டி, இடது கணுவையும் எடுத்தார்கள். “எலும்ப வெட்டிட்டா அவன் எப்படித் திம்பான்?” என்று அம்மா அழுதார். கட்டியை மட்டும் சுரண்டி எடுத்தால் ஓரத்தில் நிற்கும் கலங்களிலிருந்து மறுபடி வளரும், அதனால்தான் சுற்றியுள்ள நல்ல இழையத்தையும் சேர்த்து எடுக்கிறார்கள். மணியின் நாக்கு கொஞ்சம் இடது பக்கமாகத் தொங்கத் தொடங்கியது, அவ்வளவுதான். குழைந்த சோற்றை உருண்டையாக்கிக் கையில் வைத்தால் வாங்கித் தின்னப் பழகிக்கொண்டான். அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுவார். வலிக்கு டொக்டர் தந்த மருந்தைத் தவிர வேறு எதையும் கொடுக்கவில்லை. வீட்டில் கிடக்கும் மாத்திரையை ஒடித்துக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஐபுபுரூஃபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

இந்த நாட்களில்தான் லயத்தில் கேள்விகள் வரத் தொடங்கின. மற்ற நாய்க்குத் தொத்துமா? இவன் போட்ட குட்டிகளுக்கு வருமா? தேயிலைக்குள் மருந்தடித்த புல்லைத் தின்றதால் வந்ததா? நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கிறேன் என்று தோன்றியதால், இந்த நோயின் மரபணுக்களைப் பற்றி வந்த ஆய்வுகளைத் தேடி எடுத்து வாசிக்கத் தொடங்கினேன்.

தொத்தும் பயம் வெறும் மூடநம்பிக்கை அல்ல. நாயிலிருந்து நாய்க்குத் தொத்தும் ஒரு புற்று உண்மையிலேயே இருக்கிறது. இணை சேரும்போது பாலுறுப்பில் ஒட்டிக்கொள்ளும் அது, நக்குவதாலும் மோப்பம் பிடிப்பதாலும் மூக்குக்கும் வாய்க்கும்கூட வரும். அதில் புற்றுக்கலமே ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்கிறது. உலகில் இன்றைக்கு அந்த நோயோடு இருக்கும் நாய்களின் கட்டிகள் எல்லாம் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு நாயின் கலங்களிலிருந்து வந்தவை என்பதை மரபணுக்களை ஒப்பிட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். வின்கிறிஸ்டின் என்ற ஊசிமருந்துக்கு அந்தக் கட்டி பெரும்பாலும் கரைந்து குணமாகிவிடும். வாயில் கட்டி என்றவுடன் “புற்று, இனி ஒன்றும் செய்ய ஏலாது” என்று கைவிடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும். மெலனோமா அப்படித் தொத்தாது. மணியின் கட்டி மணியின் கலங்களிலேயே உருவாகி, மணியின் உடம்புக்குள்ளேயே பரவியது. பக்கத்து வீட்டு நாய் அவன் தட்டில் சாப்பிட்டாலும் வராது.

குட்டிகள் பற்றிய கேள்விக்கும் இதே திசையில்தான் பதில். புற்றை உண்டாக்கும் விகாரங்களில், அதாவது மரபணுவில் நேரும் மாற்றங்களில், மிகப் பெரும்பாலானவை வாழ்நாளில் அந்த இடத்துக் கலத்தில் நேர்பவை. விந்திலோ முட்டையிலோ இருப்பவை அல்ல. இன்னொரு பக்கம், கொக்கர் ஸ்பானியல், சௌ சௌ, பூடில், கோல்டன் ரிட்ரீவர், லெப்ரடோர் போன்ற இனங்களிலும், வாய் கறுப்பாக இருக்கும் நாய்களிலும் இந்த நோய் அதிகம் காணப்படுகிறது. ஆகவே இரத்தத்தில் ஏதோ ஒரு சாய்வு போகத்தான் செய்கிறது. மணியின் கூடப்பிறந்தவைகளையும் குட்டிகளையும் வளர்ப்பவர்களிடம் நான் சொன்னது இதுதான்: பயப்பட வேண்டாம், எட்டு வயது தாண்டினால் மாதம் ஒருமுறை வாயைப் பாருங்கள்.

காரணம் பற்றிய கேள்வி. மனிதருக்குத் தோலில் வரும் மெலனோமாவின் டிஎன்ஏயில் வெயிலின் புறஊதாக் கதிர் விட்டுச் சென்ற அடையாளம் பளிச்சென்று தெரியும். ஏறத்தாழப் பாதிப் பேரில் பிராஃப் என்ற மரபணுவில் ஒரு குறிப்பிட்ட விகாரம் இருக்கும். அதைக் குறிவைத்து மாத்திரைகளும் உண்டு. நாயின் வாய்க்குள் வெயில் படுவதில்லை. அங்கே வரும் மெலனோமாவில் அந்த பிராஃப் விகாரம் மிக அரிது. அந்த மாத்திரைகளை இதற்குக் கொண்டுவந்து பயனில்லை. நாயின் வாய் மெலனோமா மனிதரின் வாய், மூக்கு போன்ற உள்ளிடங்களில் அரிதாக வரும் மெலனோமாவைத்தான் அதிகம் ஒத்திருக்கிறது. அந்த மனித நோய் அரிது என்பதால் படிக்க ஆட்கள் போதாது. நாய்க்கோ அது தானாகவே வருகிறது, நம்மோடு ஒரே வீட்டில் இருந்தபடி வருகிறது. உலகத்தின் பெரிய ஆய்வுகூடங்கள் நாயின் கட்டிக்கு இவ்வளவு மினக்கெடுவதன் காரணம் இதுதான்.

2005இல் ஒரு பொக்சர் நாயின் முழு மரபுத்தொகுதியும் வெளியான பிறகே இந்த வேலை சூடு பிடித்தது. மரபணுக்களைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் நாய்க்கு 39 சோடி. வாய் மெலனோமாவில் அவை சிதறிக் கிடக்கின்றன: டிஎன்ஏயில் ஒரு எழுத்து மாறுவதைவிட, முழுத் துண்டுகள் தொலைவதும் பெருகுவதும்தான் அதிகம். 13ஆம் நிறமூர்த்தம் பல கட்டிகளில் கூடுதலாக இருக்கிறது; கலத்தைப் பெருக்கத் தூண்டும் மிக், கிட் என்னும் மரபணுக்கள் இருப்பது அதில்தான். 10ஆவதில் உள்ள எம்டிஎம்2 பெருகினால், கெட்டுப்போன கலத்தைத் தடுத்து நிறுத்தும் பி53 புரதம் அடங்கிப் போகிறது. 22இல் துண்டுகள் தொலைகின்றன. 2018இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, தாங்கள் பார்த்த நாய் மெலனோமாக்களில் 19 சதவீதத்தில் பிடிபிஆர்ஜே என்ற மரபணு செயலிழந்திருப்பதைக் கண்டது. கட்டி வளராமல் அடக்கும் வேலையைச் செய்வது அது.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது 2019இல் வெளியான ஆய்வு. மனிதரின் 46, நாயின் 65, குதிரையின் 28 மெலனோமாக்களை எடுத்து, மரபணுக்களை எழுத்தெழுத்தாக வாசித்தார்கள். சிலவற்றில் முதல் கட்டியையும், திரும்ப வளர்ந்ததையும், தூரத்துக்குப் பரவியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். ஒரே நோயாளியின் கட்டிகளுக்குள்ளேயே விகாரங்கள் இடத்துக்கு இடம் வேறுபட்டிருந்தன. தோட்டத்து ஆட்களுக்கு நான் இதை இப்படிச் சொல்கிறேன்: கட்டியை நாம், கிளையை வெட்டி நட்டு வளர்த்த வீ.பீ. தேயிலை மலை மாதிரி, எல்லாச் செடியும் ஒரே தாயின் கிளை என்று நினைக்கிறோம். அது விதைத் தேயிலை மலை, ஒவ்வொரு மரமும் கொஞ்சம் வேறு. அதனால்தான் ஒரு மருந்து பெரும்பகுதியைக் கொன்றாலும் அதற்கு மசியாத சில கலங்கள் மிஞ்சுகின்றன. கட்டியின் ஒரு மூலையில் எடுத்த துண்டை வைத்து, நுரையீரலுக்குப் போனது எப்படிப்பட்டது என்று சொல்லிவிடவும் முடியாது.

இந்தக் கலங்கள் ஏன் இவ்வளவு இலேசாகக் கிளம்பிப் போகின்றன என்பதற்கும் உயிரியலில் ஒரு விளக்கம் இருக்கிறது. நிறம் செய்யும் கலங்கள் ஈறிலேயே பிறந்தவை அல்ல. கருவில், பின்னால் மூளையும் தண்டுவடமுமாக மாறும் குழாயின் ஓரத்தில் தோன்றி, அங்கிருந்து ஊர்ந்து உடம்பெங்கும் பரவி, தோலுக்கும் வாய்க்கும் வந்து சேர்கின்றன. ஊர்ந்து போகும் அந்த நிரல் வளர்ந்த பிறகு அடங்கிக் கிடக்கும். புற்றாகும்போது அது மறுபடி விழித்துக்கொள்கிறது. மணியின் கணுவில் கண்ட அந்தச் சில கறுத்த கலங்களை நான் நினைக்கும்போதெல்லாம் இந்தக் கருவுலகப் பயணமே ஞாபகம் வருகிறது.

மருந்தடித்த புல்லுக்கு வருகிறேன். இன்ன நஞ்சால்தான் வந்தது என்று கைகாட்டும் எதையும் இந்த ஆய்வுகள் நிறுவவில்லை. நாயை எங்கே மேய விட்டோம் என்று யாரும் தன்னைத்தானே நொந்துகொள்ள வேண்டியதில்லை என்று அம்மாவிடம் பலமுறை சொன்னேன்.

மெலனோமாவுக்குத் தடுப்பூசி இருக்கிறதாமே என்று பலர் கேட்டார்கள். இருக்கிறது. 2007இல் அமெரிக்காவில் நிபந்தனையுடனும் பின்னர் முழுமையாகவும் அனுமதி பெற்றது. நிறம் செய்ய உதவும் தைரொசினேஸ் என்ற மரபணுவை மனிதரிடமிருந்து எடுத்து நாய்க்கு ஏற்றி, அதற்கு எதிராக எழும் எதிர்ப்புச் சக்தியைக் கட்டியின் மேல் திருப்புவது அதன் நோக்கம். நோய் வராமல் தடுப்பதற்கானது அல்ல. வாய்க்கட்டியை முடிந்தவரை வெட்டி எடுத்த பிறகு கொடுப்பது. பின்னால் வந்த ஆய்வுகள் சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. எங்கள் கைக்கு அது எட்டவில்லை. கதிர்ச் சிகிச்சையும் எட்டவில்லை. இதை டொக்டர் முதல் நாளே நேராகச் சொன்னது நல்லதாயிற்று. சீட்டுக் காசை எதற்குச் செலவழிப்பது, எதற்கு வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க முடிந்தது.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மணிக்கு ஒரு நல்ல மழைக்காலம் கிடைத்தது. அதற்கப்புறம் இருமல் வந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரலில் வட்ட வட்டமாகத் தெரிந்தன. படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு, டொக்டரின் யோசனைப்படி ஊசி போட்டு அனுப்பிவைக்க அம்மாவே சம்மதித்தார்.

வாய் பார்ப்பது எப்படி என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். நாய் களைத்துப் படுத்திருக்கும் நேரம் பாருங்கள். வாயைப் பிளக்க வேண்டாம், முதலில் மேலுதட்டை மட்டும் இரண்டு பக்கமும் தூக்கி ஈறைப் பாருங்கள். ஈறு ஒரேயடியாகக் கறுப்பாக, தட்டையாக இருந்தால் அது அதன் பிறவி நிறம். மேடாகவோ, பூவாக விரிந்தோ, தொட்டால் இரத்தம் வருவதாகவோ இருந்தால்தான் கவலை. கீழ்த்தாடையின் உட்பக்கத்தையும் நாக்கின் அடியையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். மணியின் கட்டி இருந்த இடம் சும்மா பார்த்தால் தெரியாத இடம். ஆடும் ஒற்றைப் பல்லும் ஓர் அறிகுறிதான். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது, பல் இருந்த இடத்தின் இழையத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். கடைசியில் தாடைக்கடியில் தடவிப் பாருங்கள். கொஞ்சம் ரொட்டியைக் கொடுத்துப் பழக்கினால் இரண்டு மூன்று முறைக்குள் தானாகவே உதட்டைக் காட்டும்.

கட்டி எதை எடுத்தாலும், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், குப்பைக்குப் போக விடாதீர்கள். கட்டியைப் போலப் பத்து மடங்கு அளவு ஃபோர்மலினில் உடனே போட்டு இழையப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்; பேசாமல் வைத்தால் அழுகிவிடும், பிறகு பார்த்துப் பயனில்லை. பரிசோதனை முடிந்த பிறகும் மெழுகில் பதித்த துண்டை வைத்திருக்க முடியும், அதிலிருந்து பின்னாளில் டிஎன்ஏ எடுக்கவும் முடியும். நான் வாசித்த ஆய்வுகளில் இருந்தவை பெரும்பாலும் மேற்கு நாடுகளின் இன நாய்கள். நம் மலைகளில் இருப்பவை கலப்பு நாய்கள். ஒரு லெப்ரடோரின் கறுப்பு வாயும் தோட்டத்து நாயின் இரத்தமும் ஒன்றாகச் சேர்ந்தவை. அவற்றின் கட்டிகளையும் யாராவது ஒருநாள் வாசிக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். அதற்காக, மணியின் துண்டை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் விருப்பம் இருந்தால் அறுவைக்கு முன்னாலேயே டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். வெட்டி முடித்த பிறகு ஞாபகம் வந்தால், ஒன்றும் மிஞ்சாமல் போயிருக்கலாம்.